ஸ்பீக்கர் கேபிள்: குறைந்த செலவில் எதை வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வைத்துப் பாட்டுக் கேட்கிறவர்களுக்காக எழுதியது இது. ஆம்பும் ஸ்பீக்கரும் வாங்கி முடித்த பிறகு கையில் கொஞ்சம் பணம்தான் மிச்சம் இருக்கும். கேபிளைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேபிளில் இருப்பது உண்மையான செம்பாக இருக்க வேண்டும், நீளத்துக்கு ஏற்ற தடிமன் வேண்டும், இரண்டு முனையிலும் இணைப்பு இறுக்கமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் கொடுக்கிற பணம் காதுக்கு வந்து சேர்வதில்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கேள்வி கேள்வியாகப் பார்ப்போம்.

கேபிளை மாற்றினால் ஒலி மாறுமா, மாறாதா?

ஏற்கெனவே இருக்கிற கேபிள் மோசமாக இருந்தால் மாறும். சரியாக இருந்தால் மாறாது.

காரணம் எளிமையானது. ஆம்பிலிருந்து போகும் மின்சாரம் கேபிள் வழியாகத்தான் ஸ்பீக்கருக்குப் போய்த் திரும்புகிறது. கேபிளின் மின்தடை ஸ்பீக்கரோடு தொடரில் சேர்ந்துகொள்கிறது. ஸ்பீக்கரின் பின்பக்கம் 4 ஓம், 8 ஓம் என்று எழுதியிருப்பது ஒரு பெயரளவு எண்தான். உண்மையில் அதன் இம்பீடன்ஸ், அதாவது மாறுதிசை மின்சாரத்துக்கு அது காட்டும் மொத்த எதிர்ப்பு, அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் ஏறி இறங்கும். சர்வதேசத் தரவிதிப்படி அது பெயரளவு எண்ணின் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. அதாவது 4 ஓம் ஸ்பீக்கர் ஓரிடத்தில் 3.2 ஓம் வரை இறங்கலாம், அதே ஸ்பீக்கர் வேறோரிடத்தில் 20 ஓமுக்கு மேலும் போகலாம்.

இப்போது 0.5 சதுர மி.மீ. செம்பு கேபிளை 5 மீட்டர் இழுத்து அதில் மாட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். போக 5, வர 5 என்று மொத்தம் 10 மீட்டர் கம்பி. மின்தடை ஏறத்தாழ 0.35 ஓம். ஸ்பீக்கர் 3.2 ஓமில் இருக்கும் இடத்தில் ஒலி 0.9 டெசிபெல் குறையும், 20 ஓமில் இருக்கும் இடத்தில் 0.15 டெசிபெல்தான் குறையும். எல்லா இடத்திலும் ஒரே அளவு குறைந்திருந்தால் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றிச் சரிசெய்துவிடலாம். இங்கே இடத்துக்கு இடம் வேறுபடுவதால் ஸ்பீக்கரின் குணமே கொஞ்சம் மாறிப்போகிறது. முக்கால் டெசிபெல் வித்தியாசம் கவனித்துக் கேட்கிறவருக்குத் தெரியக்கூடிய ஒன்று. அதே இடத்தில் 2.5 சதுர மி.மீ. போட்டால் வித்தியாசம் 0.16 டெசிபெலுக்கு வந்துவிடும். அங்கே விஷயம் முடிந்தது. அதற்கு மேல் தடிமனைக் கூட்டிக்கொண்டே போனால் எண்தான் சிறுக்கும், கேட்கும் அனுபவம் அப்படியேதான் இருக்கும்.

சரி, எனக்கு என்ன தடிமன் வேண்டும்?

நீளத்தையும் ஸ்பீக்கரின் ஓமையும் வைத்து முடிவு செய்ய வேண்டும். பலகாலமாகப் புழங்கும் விதி இது: போக வரச் சேர்த்துக் கேபிளின் மொத்த மின்தடை, ஸ்பீக்கரின் ஓமில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 8 ஓமுக்கு 0.4 ஓம், 4 ஓமுக்கு 0.2 ஓம்.

கணக்கு நீங்களே போடலாம். கேபிளின் நீளத்தை மீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள், அதை 0.0172-ஆல் பெருக்குங்கள், வருவதைச் சதுர மில்லிமீட்டர் பரப்பால் வகுங்கள். கிடைப்பது ஓம். (0.0172 என்பது அறை வெப்பநிலையில் செம்பின் மின்தடை எண்.)

அந்த 5 சதவீதத்தை நான் வெளி எல்லையாகவே எடுத்துக்கொள்கிறேன். செம்பு கேபிள் ஒன்றும் பெரிய விலை இல்லை என்பதால் அதில் பாதிக்குள் நின்றுவிடுவது நல்லது. அந்தக் கணக்கில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.75 சதுர மி.மீ. 4 மீட்டர் வரை, 1.5 சதுர மி.மீ. 8 மீட்டர் வரை, 2.5 சதுர மி.மீ. 13 மீட்டர் வரை தாராளமாகப் போதும். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் இந்த நீளங்களைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

யோசிக்க நேரமில்லை, ஒரே வரியில் சொல்லுங்கள் என்றால்: சாதாரண அறைக்கு 1.5, பெரிய அறை அல்லது 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 2.5.

பாக்கெட்டில் 14, 16 என்று கேஜ் எண்தான் போட்டிருக்கிறது. அதை எப்படிப் புரிந்துகொள்வது?

அது அமெரிக்கக் கம்பி அளவு. எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். 18 கேஜ் என்பது 0.82 சதுர மி.மீ., 16 என்பது 1.3, 14 என்பது 2.1, 12 என்பது 3.3. மூன்று எண் இறங்கினால் பரப்பு இரட்டிப்பாகும் என்று நினைவில் வைத்தால் போதும். மேலே சொன்ன 1.5-க்குப் பக்கத்தில் 16-ம், 2.5-க்குப் பக்கத்தில் 14-ம் வரும். இரண்டும் கொஞ்சம் மெல்லியவைதான், ஆனால் கவலைப்படும் அளவுக்கு இல்லை.

கேபிள் பார்க்கத் தடியாக இருக்கிறது. அது போதாதா?

போதாது. தடியாகத் தெரிவது பெரும்பாலும் உறைதான். கண்ணாடி மாதிரி தெரியும் உறை உள்ளே இருக்கும் கம்பியைப் பெரிதாகவும் காட்டும். முனையை வெட்டி உள்ளே எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று பாருங்கள்.

இழைகளை எண்ணுவது நம்பகமான வழி. 2.5 சதுர மி.மீ. கேபிளில் வழக்கமாக 0.25 மி.மீ. விட்டமுள்ள 50 இழைகள் இருக்கும், 1.5-இல் அதே இழை 30. வேறு அமைப்பு என்றால், ஒரு இழையின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, 0.785-ஆலும் இழைகளின் எண்ணிக்கையாலும் பெருக்கினால் பரப்பு வந்துவிடும். நல்ல தயாரிப்பாளர்கள் ‘50 × 0.25’ என்று உறையிலேயே அச்சடித்திருப்பார்கள். எதுவும் எழுதாமல் ‘ஹெவி டியூட்டி’ என்று மட்டும் போட்டிருந்தால் எண்ணிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

சி.சி.ஏ. என்றால் என்ன? விலை குறைவாக இருக்கிறதே, வாங்கலாமா?

செலவைக் குறைக்க நினைக்கிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சி.சி.ஏ. என்பது செம்பு பூசிய அலுமினியம். இழையின் உள்ளே அலுமினியம், வெளியே மெல்லியதாக ஒரு செம்புப் படலம். அலுமினியம் செம்பு கடத்துவதில் 61 சதவீதம்தான் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் சி.சி.ஏ. கேபிளின் மின்தடை அதே தடிமனுள்ள செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் வரும். 2.5 சதுர மி.மீ. சி.சி.ஏ. வாங்கினால் 1.6 சதுர மி.மீ. செம்பு வாங்கியதற்குச் சமம்.

இதில் தப்பு என்னவென்றால், தெரியாமல் வாங்குவதுதான். சி.சி.ஏ. என்று வெளிப்படையாகப் போட்டு, விலையும் அதற்கேற்ப இருந்து, ஒரு அளவு தடிமனைக் கூட்டி வாங்கினால் அதுவும் ஒழுங்காகவே பாடும். ஆனால் முனையில் அடிக்கடி மடக்கினால் இழைகள் சீக்கிரம் முறியும், இறுக்கிய இணைப்பு நாளடைவில் தளரும், அலுமினியம் வெளியே தெரிந்த இடத்தில் ஆக்சைடு படலம் கட்டும். ஒருமுறை வாங்கிப் பல வருடம் மறந்துவிட வேண்டிய பொருளுக்கு இந்தத் தொல்லைகள் தேவையா? செம்பே வாங்குங்கள் என்பதுதான் என் பரிந்துரை.

கண்டுபிடிப்பது எப்படி என்றால், ஒரே ஒரு இழையைப் பிரித்தெடுத்து வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். பிளேடின் முனையால் அதன் மேல்பக்கத்தை மெதுவாகச் சுரண்டுங்கள். செம்பாக இருந்தால் சுரண்டச் சுரண்ட இன்னும் பளிச்சென்று சிவப்பாகத்தான் தெரியும். சி.சி.ஏ.-வாக இருந்தால் இரண்டு மூன்று இழுப்பிலேயே சாம்பல் கலந்த வெள்ளி நிறம் எட்டிப்பார்க்கும். வெட்டிய முகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தாலும் நடுவில் வெள்ளையும் ஓரத்தில் சிவப்பு வளையமும் தெரியும். ஒரு எச்சரிக்கை: இழை வெளியிலேயே வெள்ளி நிறமாக இருந்தால் உடனே அலுமினியம் என்று முடிவு கட்டாதீர்கள். ஈயப்பூச்சு மாதிரி வெள்ளீயம் பூசிய செம்பும் உண்டு, அதைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு வரும். அது நல்ல கேபிள்.

எடையும் காட்டிக்கொடுத்துவிடும். 2.5 சதுர மி.மீ. இரட்டைக் கேபிள் 10 மீட்டரில் செம்பு மட்டுமே 450 கிராம் அளவுக்கு இருக்கும், உறை தனி. சி.சி.ஏ.-வில் உலோகத்தின் எடை 200 கிராமைத் தொடாது. இரண்டு சுருளையும் கையில் எடுத்தாலே புரிந்துவிடும்.

ஓ.எஃப்.சி. என்று போட்டிருந்தால் ஒலி நன்றாக இருக்குமா?

ஓ.எஃப்.சி. என்பது ஆக்சிஜன் நீக்கிய செம்பு. அதன் தூய்மை 99.95 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். வீட்டு வயரிங்கில் வரும் சாதாரண மின்செம்பின் தூய்மையே 99.9 சதவீதம். கடத்துதிறனில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆக்சிஜனை நீக்குவது வேறு தொழில்களுக்குப் பயன்படும் காரியம். ஹைட்ரஜன் இருக்கும் சூழலில் சூடாக்கும்போது சாதாரணச் செம்பு நொறுங்கும், ஓ.எஃப்.சி. நொறுங்காது. உங்கள் வரவேற்பறையில் அந்தப் பிரச்சினை இல்லை.

ஆனாலும் அந்த எழுத்துகளுக்கு ஒரு பயன் உண்டு: நேர்மையான தயாரிப்பாளர் ஓ.எஃப்.சி. என்று போட்டால் அது சி.சி.ஏ. இல்லை என்று அர்த்தம். அந்த அளவுக்கு அதை மதிக்கலாம். போலியாக அச்சடிப்பவர்களும் இருப்பதால் சுரண்டிப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

வெள்ளிக் கேபிள்?

வெள்ளி செம்பைவிட ஐந்தாறு சதவீதம்தான் கூடுதலாகக் கடத்தும். செம்பை ஐந்தாறு சதவீதம் தடியாக வாங்கினால் கணக்கு நேராகிவிடும். வேண்டாம்.

மின்விளக்குக்கும் மின்விசிறிக்கும் போடுகிற இரட்டைக் கம்பியை ஸ்பீக்கருக்குப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. ஸ்பீக்கர் கேபிளைத் தனிப் பொருளாக நோயல் லீ தன்னுடைய மான்ஸ்டர் கேபிள் நிறுவனம் மூலம் சந்தைக்குக் கொண்டுவந்தது 1979-இல். அதற்கு முன்பு பெரும்பாலான வீடுகளில் ஸ்பீக்கருக்குப் போனது சாதாரண விளக்குக் கம்பிதான். மின்சாதனங்களுக்கான வளையக்கூடிய இரட்டைக் கேபிளில் தடிமனும் உலோகமும் தரவிதிக்கு உட்பட்டவை என்பதால், சில சமயம் ஸ்பீக்கர் கேபிள் என்ற பெயரில் விற்பதைவிட இதுவே நம்பகமாக இருக்கும். 1.5 அல்லது 2.5 சதுர மி.மீ. பல இழைக் கம்பியாகப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டு எச்சரிக்கை. அந்தக் கேபிளின் முனையில் மின்சாரப் பிளக் எதையும் விட்டுவைக்காதீர்கள். யாராவது தெரியாமல் சுவரில் செருகிவிட்டால் ஸ்பீக்கர் போவது மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து. இரண்டாவது, வீட்டு மின்கம்பியைப் போலவே தெரிவதால் இரண்டு முனையிலும் ‘ஸ்பீக்கர்’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

இண்டக்டன்ஸ், கெப்பாசிட்டன்ஸ், ஸ்கின் எஃபெக்ட் என்றெல்லாம் சொல்கிறார்களே?

மூன்றும் உண்மையான இயற்பியல்தான். வீட்டு நீளத்தில் அவை எவ்வளவு என்பதை யாரும் சொல்வதில்லை, அதுதான் குறை.

அதிர்வெண் கூடக் கூட மின்சாரம் கம்பியின் மேற்பரப்புப் பக்கம் ஒதுங்குவது ஸ்கின் எஃபெக்ட். நம் காதின் மேல் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸில் செம்பில் அதன் ஆழம் ஏறத்தாழ 0.47 மி.மீ. 2.5 சதுர மி.மீ. கம்பியின் ஆரமே 0.9 மி.மீ.தான். ஆகவே அந்த உச்சியிலும் மின்தடை கொஞ்சம்தான் கூடும், அதற்குக் கீழே பேசவே ஒன்றுமில்லை.

மின்சாரம் வேகமாக மாறுவதைக் கம்பி எதிர்க்கும் குணம் இண்டக்டன்ஸ். சாதாரண இரட்டைக் கேபிளில் அது மீட்டருக்கு 0.6 மைக்ரோஹென்றி அளவில் இருக்கும். 5 மீட்டர் கேபிளில் 20 கிலோஹெர்ட்ஸில் அது தரும் எதிர்ப்பு 0.38 ஓம். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இது மின்தடை மாதிரி நேராகக் கூடாது. 8 ஓமோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் இழப்பு நூற்றில் ஒரு டெசிபெல்.

பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு கம்பிகள் தங்களுக்குள் மின்னூட்டத்தைத் தேக்கும் குணம் கெப்பாசிட்டன்ஸ். இதில் மட்டும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும், அது விலையுயர்ந்த கேபிள்களின் பக்கம் வரும் பிரச்சினை. பல கம்பிகளை நெருக்கமாகப் பின்னிச் செய்யும் சில கேபிள்களில் கெப்பாசிட்டன்ஸ் மிக அதிகம். சில ஆம்புகள் அதைத் தாங்காமல் நிலைகுலைந்து சூடாகும். பிரிட்டனின் ஆம்ப் தயாரிப்பாளரான நெய்ம் நிறுவனம் தன் ஆம்புகளோடு குறைந்தது 3.5 மீட்டர் கேபிள் போடச் சொன்னதும் இந்த மாதிரி காரணத்தால்தான்: கேபிளின் இண்டக்டன்ஸ் அந்த ஆம்புக்குத் தேவைப்பட்டது. பக்கம் பக்கமாக ஓடும் சாதாரண இரட்டைக் கேபிளுக்கு எந்த ஆம்பும் முகம் சுளிக்காது.

ஒரு ஸ்பீக்கர் பக்கத்தில், இன்னொன்று தூரத்தில். இரண்டுக்கும் ஒரே நீளம் வெட்ட வேண்டுமா?

தேவையில்லை. கேபிளில் சிக்னல் மீட்டருக்கு 5 நானோநொடி வேகத்தில் ஓடுகிறது. 2 மீட்டர் வித்தியாசத்துக்கு 10 நானோநொடி. அந்த நேரத்தில் காற்றில் ஒலி நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் முந்நூறில் ஒரு பங்கு. உட்கார்ந்திருக்கும் இடத்தில் தலையைக் கொஞ்சம் அசைத்தாலே இதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம் வந்துவிடும். மின்தடையைப் பார்த்தாலும் 1.5 சதுர மி.மீ. கேபிளில் 2 மீட்டர் கூடுதல் என்பது 8 ஓமில் 0.05 டெசிபெல். ஒரு பக்கம் 3 மீட்டரும் இன்னொரு பக்கம் 15 மீட்டரும் போகிறது என்றால் மட்டும் தடிமனைக் கூட்டுங்கள், நீளத்தைச் சமப்படுத்த வேண்டாம்.

மிச்சம் இருக்கும் நீளத்தைச் சுருட்டி வைத்தால் கெடுதலா?

இல்லை. இரட்டைக் கேபிளில் ஒரு கம்பியில் போகும் மின்சாரமும் இன்னொன்றில் திரும்புவதும் எதிரெதிர் என்பதால் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும்.

பனானா பிளக் போடட்டுமா, வெறும் கம்பியையே மாட்டட்டுமா?

ஒலியில் வித்தியாசம் இல்லை. வசதியில் உண்டு. ஆம்பை அடிக்கடி கழற்றி மாட்டுகிறவர்களுக்கு, டெர்மினலின் துளையில் அப்படியே செருகும் 4 மி.மீ. பனானா பிளக் நல்லது. ஒருமுறை மாட்டிவிட்டு மறக்கிறவர்களுக்கு வெறும் கம்பி போதும், அந்தச் செலவும் மிச்சம்.

உண்மையில் கேபிள் விஷயத்தில் நான் அதிகம் அக்கறை எடுக்கச் சொல்வது இந்த முனைகளில்தான். ஒலி விட்டு விட்டு வருவது, ஒரு பக்கம் மங்குவது, கரகரப்பு போன்ற புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஆம்பை அணையுங்கள். உறையை 10 முதல் 12 மி.மீ. வரை மட்டும் உரியுங்கள், இழைகள் வெட்டுப்படாமல். இழைகள் ஏற்கெனவே எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறதோ அதே பக்கமாக விரலால் இறுக்கி முறுக்குங்கள். டெர்மினல் தண்டில் உள்ள துளையில் நுழைத்துத் திருகை இறுக்கிய பிறகு ஒரு விளக்கைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து டெர்மினலைத் தொடக் கூடாது. அந்த ஒற்றை இழை ஆம்பின் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களைத் தீர்த்துவிடும். கடைசியாகக் கேபிளை மெல்ல இழுத்துப் பாருங்கள், அசையாமல் இருந்தால் சரி.

திருகி இறுக்கும் டெர்மினலுக்குப் போகும் முனையில் சால்டர் ஏற்றாதீர்கள். சால்டர் மென்மையான உலோகம், அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகிக்கொடுக்கும். சில மாதத்தில் இணைப்பு தளர்ந்திருக்கும்.

பனானா பிளக் நுழைய மறுக்கிறது என்றால், டெர்மினலின் பின்துளையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். பல ஸ்பீக்கர்களில் இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டு மாட்டலாம்.

பிளஸ், மைனஸ் மாறிப்போனால் என்ன ஆகும்?

இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி மாறியிருந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒன்றில் மட்டும் மாறியிருந்தால் பேஸ் காணாமல் போகும், பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கலைந்து கேட்கும். எதுவும் எரிந்துபோகாது, ஆனால் இப்படியே பல வருடம் கேட்டுக்கொண்டு ‘இந்த ஸ்பீக்கரில் பேஸ் இல்லை’ என்று நினைத்திருப்பவர்கள் உண்டு. வேறு எதையும் மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

கேபிளில் ஒரு கம்பிக்கு அடையாளம் இருக்கும்: ஒரு கோடு, வேறு நிறம், உறையில் ஒரு மேடு, அல்லது அச்சடித்த எழுத்து. அடையாளம் உள்ளதைப் பிளஸ் என்று வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அப்படியே மாட்டுங்கள். சந்தேகம் வந்தால் ஆம்பின் பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு, சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸைப் பிளஸ் கம்பியிலும் மைனஸை மைனஸ் கம்பியிலும் ஒரு நொடி தொடுங்கள். ‘டப்’ என்று ஒரு சத்தத்தோடு பெரிய கோன் முன்னால் வந்தால் சரி. உள்ளே போனால் எங்கோ மாறியிருக்கிறது.

மூன்று கம்பிக் கேபிளில் மைனஸைப் பொதுவாக வைத்து இரண்டு ஸ்பீக்கரையும் இணைக்கலாமா? கேபிள் மிச்சமாகுமே.

செய்யாதீர்கள். பல ஆம்புகளில், முக்கியமாகச் சிறிய கிளாஸ் டி ஆம்புகளில், மைனஸ் டெர்மினலும் சிக்னல் தரும் முனைதான், அது தரையோடு சேர்ந்தது இல்லை. இரண்டு சேனலின் மைனஸையும் இணைத்தால் ஆம்ப் பாழாகலாம்.

ஸ்பீக்கரின் பின்னால் நான்கு டெர்மினல் இருக்கிறது. இரண்டு ஜோடிக் கேபிள் வாங்க வேண்டுமா?

வேண்டாம். மேல் ஜோடியையும் கீழ் ஜோடியையும் இணைக்கும் உலோகப் பட்டையோடு வந்திருக்கும், அதை அப்படியே விட்டு ஒரு ஜோடி மாட்டுங்கள். ஒரே ஆம்பிலிருந்து இரண்டு கேபிள் இழுப்பதால் கிடைப்பது கொஞ்சம் குறைந்த மின்தடை மட்டுமே, அதைத் தடியான ஒரே கேபிளில் வாங்கிவிடலாம். தனித்தனி ஆம்பு வைத்து ஓட்டுவது வேறு விஷயம். அப்படிச் செய்யும்போது பட்டையைக் கழற்ற மறக்கக் கூடாது.

கேபிளில் அம்புக்குறி இருக்கிறது. நூறு மணி நேரம் ஓடினால்தான் பழகும் என்றும் சொல்கிறார்கள்.

ஸ்பீக்கருக்குப் போவது மாறுதிசை மின்சாரம், ஒரு நொடிக்குள் பல நூறு தடவை திசை மாறுகிறது. அம்புக்கு அங்கே வேலை இல்லை. செம்பும் ஓட ஓடப் பழகும் பொருள் அல்ல. அந்த நூறு மணி நேரத்தில் பழகுவது கேட்கிறவரின் காதுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்த நூறு மணி நேரத்துக்குள் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிடும்.

என் நண்பர் விலையுயர்ந்த கேபிள் போட்டதும் தெளிவாக வித்தியாசம் தெரிந்தது என்கிறார். அவர் பொய் சொல்கிறாரா?

இல்லை, அவர் கேட்டது அவருக்கு உண்மைதான். பழைய இணைப்பு தளர்ந்திருக்கலாம், பழைய கேபிள் மெல்லியதாக இருந்திருக்கலாம், பிளஸ் மைனஸ் மாறியிருந்து இப்போது சரியாகியிருக்கலாம். இவை எதுவும் இல்லாவிட்டாலும், எது ஓடுகிறது என்று தெரிந்து கேட்கும்போது மனம் எதிர்பார்ப்பதைக் காது கேட்கும். எல்லோருக்கும் அப்படித்தான்.

தெரிந்துகொள்ள ஒரே வழி, தெரியாமல் கேட்பது. கேபிளை இன்னொருவர் மாற்றட்டும், நாணயத்தைச் சுண்டி எதை மாட்டுவது என்று அவரே முடிவு செய்யட்டும். நீங்கள் பார்க்கவே கூடாது. வால்யூமைத் தொடக் கூடாது. ஒரே பாட்டின் ஒரே இடத்தைக் கேளுங்கள். பத்து தடவையில் ஒன்பது சரியாகச் சொன்னால் அது குருட்டாம்போக்கில் நடக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான், அப்போது நிஜமாகவே ஏதோ இருக்கிறது. ஆறு, ஏழு என்றால் ஒன்றும் நிரூபணமாகவில்லை. 2007-இல், அதிசயம் என்று சொல்லப்படுவதைச் சோதித்துப் பார்ப்பதில் பெயர்பெற்ற அமெரிக்க மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி, மிக விலையுயர்ந்த ஒரு ஸ்பீக்கர் கேபிளைக் காதால் மட்டும் கேட்டுப் பிரித்துச் சொல்பவருக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். அந்தச் சோதனை நடக்காமலே போனது.

ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்று இரைச்சல். ஷீல்டு (வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) போட்ட கேபிள் வாங்கினால் போகுமா?

போகாது. ஸ்பீக்கர் கேபிளில் ஓடுவது வலுவான சிக்னல், இரு முனையிலும் ஓம் மிகக் குறைவு. பக்கத்தில் மின்கம்பி ஓடினாலும் அது வாங்கிக்கொள்ளும் இரைச்சல் கேட்கும் அளவுக்கு இருக்காது. ஆம்பின் உள்ளீட்டுக் கேபிள்களை எல்லாம் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் பிரச்சினை அந்தப் பக்கத்தில், எர்த் இணைப்பிலோ சிக்னல் கேபிளிலோ இருக்கிறது. நிற்காவிட்டால் ஆம்பைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய கேபிள் பச்சையாகிவிட்டது. தூக்கிப் போடணுமா?

கண்ணாடி உறைக்குள் செம்பு பச்சை பூப்பது சகஜம். உள்ளே இருக்கும் உலோகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். முனையில் பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டிவிட்டுப் புதிதாக உரித்து மாட்டுங்கள். வெட்டிக்கொண்டே போயும் கறுப்பாகவே இருந்தால் மாற்றுங்கள்.

புளூடூத் ஸ்பீக்கர், உள்ளேயே ஆம்பு வைத்த ஸ்பீக்கர் என்றால்?

இந்தப் பக்கத்தில் சொன்னதில் பெரும்பகுதி அவற்றுக்குத் தேவையில்லை. இடது வலது ஸ்பீக்கரை இணைக்க ஒரு கம்பி கூடவே வந்திருந்தால் அதுவே போதும்.

அப்படியானால் எப்போது கூடுதல் பணம் கொடுப்பது நியாயம்?

சுவருக்குள்ளோ கூரைக்கு மேலோ போகும் கேபிளுக்குக் கொடுங்கள். அதற்குத் தீ பரவாத உறை வேண்டும், உங்கள் ஊர் கட்டட விதி என்ன கேட்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் கிடக்கப்போகும் கேபிளுக்குக் கொடுங்கள். ஆள் நடமாடும் இடத்தில் கம்பளத்துக்கு அடியில் போக வேண்டும் என்றால் தட்டையான கேபிளுக்குக் கொடுங்கள். வெளியே தெரியும் இடத்தில் பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று விரும்பினால் அதற்கும் கொடுக்கலாம். அது நேர்மையான ஆசை, ஒலியின் பெயரால் விற்கப்படாத வரை.

வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் தங்களுக்குத் தனிக் கேபிள் வேண்டுமோ என்று கேட்பார்கள். வேண்டாம். அந்த ஆம்புகளின் உள்தடையே கேபிளைவிடப் பல மடங்கு அதிகம்.

மிச்சமாகும் பணத்தை எதில் போடுவது?

முதலில் பணம் செலவில்லாத வேலையைச் செய்யுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஒரு சமபக்க முக்கோணமாக வருகிற மாதிரி வையுங்கள், உயர் ஒலிக்கான சிறிய கோன் காது உயரத்தில் இருக்கட்டும். பின்சுவரிலிருந்து ஒரு சாண், இரண்டு சாண், மூன்று சாண் என்று நகர்த்தி ஒரே பாட்டைக் கேளுங்கள். பேஸ் பல டெசிபெல் ஏறி இறங்குவதைக் கேட்பீர்கள், கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் தெரியும். எந்தக் கேபிளாலும் அந்த அளவு மாற்றம் வராது. அதற்குப் பிறகும் பணம் இருந்தால் நல்ல ஸ்டாண்டு, தரையில் தடித்த கம்பளம், கனமான திரைச்சீலை. எல்லாம் முடிந்தும் திருப்தி இல்லை என்றால் ஸ்பீக்கரை மாற்ற யோசியுங்கள்.

கடைசியாக, எத்தனை மீட்டர் வாங்க வேண்டும்?

ஸ்பீக்கர் நிற்கப்போகும் இடத்தை முடிவு செய்த பிறகு அளவெடுங்கள். ஆம்பின் பின்பக்கத்திலிருந்து தரைக்கு இறங்கி, சுவர் ஓரமாகப் போய், கதவு நிலையைச் சுற்றி, ஸ்பீக்கரின் டெர்மினல் வரை ஏறும் வழியில் ஒரு நூலைப் பிடித்து, அந்த நூலை அளந்து பாருங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மீட்டர் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரை நகர்த்திப் பார்க்கவும், முனையை இரண்டு மூன்று தடவை வெட்டி உரிக்கவும் அது உதவும். ஒரு மீட்டர் குறைந்துவிட்டால் நடுவில் ஒட்டுப்போடுவதுதான் வழி, இணைப்பு கெடுவதற்கு இன்னொரு இடம் அப்படித்தான் உருவாகிறது.